திங்கள் காலை ஒன்பது முதல் பத்து வரை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் மூட்டுவலியும் அம்மாவின் ஆபரேஷன் தையலும் எப்படி இருக்கின்றன?

இங்கே கல்லூரியில் ஆண்டிறுதித் தேர்வே கிடையாது. திங்கள்தோறும் ஒரு சிறு தேர்வு. எல்லாவற்றையும் கூட்டித்தான் தேர்ச்சி. ஒன்றைத் தவறவிட்டால் மன்னிப்பார்கள். அம்மாவின் ஆபரேஷன் அன்று நான் தேர்வுக்குப் போகாமல், போனும் கையுமாகப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சலுகை தீர்ந்தது.

"இன்னொண்ணு விட்டா அடுத்த வருஷமும் என் முகத்தைத்தான் பார்க்கணும்" என்று பேராசிரியை சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

இன்னும் நான்கு இருக்கின்றன. திங்களன்று ஒன்பதிலிருந்து பத்துவரை அழைக்காதீர்கள். பத்தானதும் அழைத்து அம்மாவிடம் கொடுங்கள். இருமினாலும் பரவாயில்லை, குரல் கேட்க வேண்டும்.

வகுப்புக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன். தேர்வறையில் போனை முன்மேசையில் வைத்துவிட வேண்டும். திரை எனக்குத் தெரியும்படி வைப்பேன். அம்மாவுக்கு ஏதாவதென்றால் ஒன்பதரைக்கும் அழையுங்கள். எழுந்து வந்துவிடுவேன்.

உங்கள் மகள்