விலகாத கூம்பு

11 மார்ச் 1995, சனி

என் வீட்டுக்காரருக்கு இந்த நாட்டு முறைப்படி மோட்டார் சைக்கிள் பழக்குகிறவர்களைத் தேடி ஒரு கிழமையாகத் தொலைபேசியோடு மல்லுக்கட்டினேன். பந்தயத் திடலில் பயிற்சிக்கு ஓட விடுகிறவர்கள், முதலில் ஓடப் பழகிவிட்டு வரச் சொன்னார்கள். எங்கே பழகுவது என்று கேட்டால் தெரியாதாம். வாசிக்கத் தெரிந்த பிள்ளையை மட்டும் முதலாம் வகுப்பில் சேர்ப்பது போல இருக்கிறது!

கடைசியில் நகரின் தெற்குப் பக்கம், மனுரேவாவில் ஒரு வகுப்பு அகப்பட்டது. இன்று இவரைக் கூட்டிப்போனேன். "யாழ்ப்பாணத்தில முப்பது வருசம் ஓடினனான். எனக்கு அரிச்சுவடியோ?" என்று வழியெல்லாம் முணுமுணுப்பு.

பழக்கும் பெண் ஒரு ஆரஞ்சுக் கூம்பை வைத்து, அதற்கு முன்னால் நிறுத்தச் சொன்னாள். இவர் பிரேக்கைத் தொடவில்லை. ஹோர்ன் அடித்தார். கூம்பு விலகாததால் இடித்துத் தள்ளிக்கொண்டு போனார்.

"அங்க ஹோர்ன் அடிச்சா மாடே விலகுமப்பா!"

"இஞ்ச மோட்டர்வேயில லொறி விலகாது. விளங்குதோ?"

இனி வகுப்புக்கு வரமாட்டாராம். நாளைக்குத் தேவாலயத்துக்கே தன் மோட்டார் சைக்கிளில்தான் போவாராம். சாவியை என் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறேன். எத்தனை நாளைக்கு ஒளிக்க முடியும்?

அடுத்த சனிக்கு என் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தேன். எனக்குச் சைக்கிளே ஒழுங்காக வராது. நான் விழுவதைப் பார்த்துச் சிரிக்கவாவது மனிதர் வருவார்.