மேல்தட்டுல இருக்கிற மிட்டாய் டப்பா

என் செல்ல மகளுக்கு அம்மா எழுதறது. நானும் உங்க அப்பாவும் கை கால் முழுசா நல்லாத்தான் இருக்கோம், அதை முதல்லயே சொல்லிடறேன், மீதியைப் படிக்கும்போது நீ பதறக் கூடாது பாரு. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி காய்ச்சல் இல்லாம இருக்கீங்களா? தினமும் ஃபோன்ல மூஞ்சியைப் பாத்துக்கறோம், இப்ப எதுக்கு அம்மா கடிதாசின்னு நினைப்பே. ஃபோன் அடிச்சா எனக்கு முன்னால உங்க அப்பா பாய்ஞ்சு எடுத்துடறார், நான் அவர் தோளுக்குப் பின்னால நின்னு கையாட்டறதோட சரி. இது அவர் காதுல விழற மாதிரி சொல்ற விஷயம் இல்லை. உன்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் கேட்டார், நான் ம்ன்னு கூடச் சொல்லலை, அதனால எழுதறதுல தப்பில்லை. பல் டாக்டர் கிளினிக்ல நான் டோக்கன் கொடுக்கிற மேசையிலேயே உக்காந்து, ஆள் வராத நேரமா பாத்து எழுதறேன்.

போன செவ்வாய்க்கிழமை காலையில அவர் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கிட்டு சாப்பிட உக்காந்தார். ரெண்டு வாய் வச்சிருப்பார், இவர் ரிப்பேர் பாக்கற ஏதோ ஆபீஸ்ல லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு, உள்ள ஆள் மாட்டிக்கிட்டாங்கன்னு ஃபோன். உங்க அப்பாவைத்தான் தெரியுமே, லிஃப்ட்ல மாட்டினவங்க வெளியே வர்ற வரைக்கும் இவருக்கு மூச்சு முட்டும். தட்டை அப்படியே விட்டுட்டுக் கிளம்பிட்டார். ஆளை வெளியே எடுத்து, மோட்டாரைப் பிரிச்சு மாட்டி, மத்தியானம் என்னைக் கூட்டிட்டுப் போக கிளினிக் வாசலுக்கு வந்தார். ஏறும்போதே பாத்தேன், ஏசி ஓடுது, சட்டை தொப்பலா நனைஞ்சிருக்கு. வேலை செஞ்ச வேர்வைன்னு விட்டுட்டேன். சிக்னல்ல பச்சை விழுந்தும் வண்டி நகரலை, பின்னால ஹாரன் அடிச்சுத் தீர்த்துட்டாங்க. அப்புறம் நம்ம தெருவுக்குத் திரும்பாம நேரா போறார். என்னங்க எங்க போறீங்கன்னு கேட்டதுக்கு, எனக்கே வழி சொல்லித் தர்றியான்னு கத்தினார் பாரு! கல்யாணம் ஆன நாள்ல இருந்து என்கிட்ட குரல் உசத்தாத மனுஷன். எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்தது, மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். அந்த நேரம் பாத்து வண்டி மெதுவா எதிர்ப்பக்கம் சாயுது, எதிரே ஒரு தண்ணி லாரி. ஐயோன்னு கத்திக்கிட்டு ஸ்டியரிங்கைப் பிடிச்சு என் பக்கம் இழுத்தேன், ஒரு டயர் கடை வாசல்ல அடுக்கி வச்சிருந்த பழைய டயருங்க மேல மோதி நின்னுது. அந்த டயருங்க மட்டும் இல்லைன்னா, வேணாம், எழுதக் கை வரலை.

சுகர் இறங்கிடுச்சுன்னு அப்பத்தான் எனக்கு உறைச்சுது. டாஷ்போர்டைத் திறந்தா, எப்பவும் அங்க இருக்கிற மிட்டாய் டப்பாவைக் காணோம். ஒரு அழுக்குத்துணி, ஸ்க்ரூ டிரைவர், போன தடவை குட்டி விட்டுட்டுப் போன சாக்ஸ் ஒண்ணு, அவ்வளவுதான். டயர் கடைக்காரர் தான் குடிச்சுக்கிட்டிருந்த கூல்டிரிங்ஸ் பாட்டிலை நீட்டினார், புண்ணியவான். அதைக் குடிக்க மாட்டேன்னு இவர் சண்டை, கையைத் தட்டி விடறார். முழுங்கறாரான்னு பாத்துப் பாத்து, கெஞ்சிக் கொஞ்சிக் குடிக்க வச்சேன். கொஞ்ச நேரத்துல முகம் தெளிஞ்சு, நாம ஏன் இங்க நிக்கிறோம்னு என்னையே கேட்டார் கண்ணு. வந்த வழி, கத்தினது, லாரி, எதுவுமே ஞாபகம் இல்லை. சாவியைப் பிடுங்கிக்கிட்டு, ஆட்டோ பிடிச்சு அவரை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தேன்.

டப்பா எங்கன்னு வீட்டுக்கு வந்து பிடிச்சேன். முதல்ல மழுப்பினார், அப்புறம்தான் கக்கினார். போன மாசம் வண்டியில உக்காந்து உன்கிட்ட வீடியோவுல பேசும்போது வாயில மிட்டாய் போட்டாராம், சுகருக்குக் காலை வெட்டி எடுத்தாத்தான் திருந்துவீங்களான்னு நீ விளாசிட்டியாம். இனிமே என் வண்டியில மிட்டாயே இருக்காதுன்னு உனக்கு வாக்குக் கொடுத்துட்டு, அன்னைக்கே டப்பாவைக் கொண்டுவந்து சமையலறை மேல்தட்டுல வச்சுட்டார். அது ஆசைக்குத் தின்னதில்லைடி. கை நடுங்குச்சுன்னு ஓரம் கட்டி நிறுத்திட்டுத் தின்னது. வாயைத் திறந்து உன்கிட்ட அவர் சொல்லலை, உனக்கு எப்படித் தெரியும்? நீ பயந்துதானே திட்டினே. உன் மேல எனக்குத் துளி வருத்தமும் இல்லை, உக்காந்து அழுதுக்கிட்டு இருக்காதே.

சுகர் டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன். ஊசி அளவை மாத்திக் கொடுத்து, நான் சொல்ற வரைக்கும் சாவியைத் தொடாதீங்கன்னுட்டார். அதுக்கப்புறமும் வண்டி எடுக்கறதுக்கு முன்னால விரலைக் குத்திப் பாக்கணும், ஊசி போட்டா சாப்பாட்டைத் தள்ளிப் போடக் கூடாது, வேர்த்தாலோ நடுங்கினாலோ உடனே நிறுத்திட்டு மிட்டாய் போடணும், அது மருந்து மாதிரி கைக்கெட்டற இடத்துல இருக்கணும், சுகர் ஏறி தலை நல்லா தெளிஞ்ச பிறகும் அவசரப்பட்டு ஓட்டக் கூடாதுன்னார். எல்லாத்துக்கும் நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினார். தினமும் குத்தியும் பாக்கறார். டப்பா மட்டும் வண்டிக்குள்ள போக மாட்டேங்குது. காலையில நான் கொண்டுபோய் வைப்பேன், சாயங்காலம் பாத்தா மேல்தட்டுல இருக்கும். மகளுக்குக் கொடுத்த வாக்காம்! பிரேக் இல்லாத லிஃப்ட்ல ஆளை ஏத்துவீங்களான்னு கேட்டேன், அது வேற இது வேறங்கறார். டாக்டருக்கும் எனக்கும் தொண்டைத் தண்ணி வத்தினதுதான் மிச்சம்.

வர்ற மாசம் நீங்க வரும்போது ஏர்போர்ட்டுக்கு அவரேதான் வரணுமாம். டாக்ஸின்னு வாயெடுத்தா மூஞ்சி தொங்கிப்போகுது. பின்னால குட்டிக்குன்னு சின்ன சீட் வாங்கி மாட்டி, அது ஆடுதா ஆடுதான்னு தினமும் அசைச்சுப் பாக்கறார். பாத்தா பாவமாவும் இருக்கு, நாலு வைக்கணும் போலவும் இருக்கு. டாக்டர் சரின்னு சொல்லணும், டப்பாவும் முன்னால இருக்கணும், இல்லைன்னா அந்த சீட்டுல என் பேத்தியை உக்கார வைக்க விடமாட்டேன், நீயே வந்து கெஞ்சினாலும் சரி.

நீங்க மூணு பேரும் நோய்நொடி இல்லாம நிறைஞ்சு இருக்கணும். மாப்பிள்ளையை நேரத்துக்குத் தூங்கச் சொல்லு. கடிதாசி கைக்கு வந்ததும் ஃபோன் பண்ணு, நான் எழுதினேன்னே சொல்லு, வர்ற திட்டை நான் வாங்கிக்கறேன். சாப்பிட்டீங்களா தூங்கினீங்களான்னு எல்லாம் ஆரம்பிக்காதே, அவர் பேச்சை மாத்திடுவார். எடுத்த எடுப்புல, அப்பா நான் சொன்னது தப்பு, டப்பாவை வண்டியில வைங்கன்னு சொல்லு. அவர் கேக்கறது உன் பேச்சு ஒண்ணைத்தான்.

டப்பாவும் கையுமா காத்துக்கிட்டிருக்கிற
உன் அம்மா