விக்கலும் விசாவும்

ஜனவரி 9

விண்ணப்பம் இன்று போய்விட்டது. திறன்பெற்ற தொழிலாளர் விசா, பதினான்கு பக்கம். மகள்தான் கணினியில் ஏற்றினாள். ஏற்றி முடிக்கிற வரை முணுமுணுப்பு.

"ஐம்பத்தொன்பது வயசுல யாராவது வெளிநாட்டுக்கு வேலைக்குப் போவாங்களாம்மா? கேட்டா சிரிப்பாங்க."

சிரிக்கட்டும். அங்கே உள்ள தையல் ஆலைக்கு என்னைப் பிடித்திருக்கிறது. போன மாதம் வீடியோவில் சோதித்தார்கள். தெருமுனைத் தையல்கடை மெஷினை அவர்கள் கண்ணெதிரே கழற்றிப் போட்டு, பதினோரு நிமிடத்தில் திரும்ப ஓடவிட்டேன். கடைக்காரருக்குத்தான் உயிர் போய் வந்தது.

ஒரே நிபந்தனை, அறுபது நிறைவதற்குள் விசா முடிவாக வேண்டும். மே 20.

ஜனவரி 10

பரிசீலனையில்.

ஜனவரி 17

பரிசீலனையில். விண்ணப்ப நிலையைத் தினமும் நாலு தடவை பார்த்தால் அவர்களுக்கு எரிச்சல் வரும் என்கிறாள் மகள். வரட்டும். நான் ஒருத்தி காத்திருக்கிறேன் என்று தெரிந்த மாதிரி இருக்கும்.

ஜனவரி 23

பழைய ஆலையிலிருந்து போன். "கொஞ்சம் வந்துட்டுப் போங்கக்கா, மூணாவது லைன் நின்னுடுச்சு." ஐம்பத்தெட்டு ஆனதும் மாலை போட்டு அனுப்பினார்கள். மெஷின் நின்றால் மட்டும் ஞாபகம் வரும்.

போனேன். சரிசெய்தேன். அப்படியே பர்சனல் ஆபீசர் அறைக்கும் போனேன். இருபத்தாறு வருடம் அங்கே மெஷின் பழுது பார்த்தேன். அவர் கொடுத்த அனுபவச் சான்றிதழில் 'உதவியாளர்' என்று இருக்கிறது. நூல் வெட்ட வந்தவள், மெக்கானிக் லீவு போட்ட நாட்களில் நானே திறந்து பார்த்துக் கற்றுக்கொண்டவள், கையில் படிப்புத் தாள் இல்லாதவள். அதனால் உதவியாளர். மெக்கானிக் என்று மாற்றித் தரச் சொன்னேன்.

"மாத்தினா, அப்போ ஏன் இத்தனை வருஷம் ஹெல்ப்பர்னு வெச்சிருந்தீங்கன்னு எங்களைத்தான் கேப்பாங்கம்மா."

"கேக்கட்டும் சார். நானும் அதைத்தான் கேக்குறேன்."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "வேணும்னா சீனியர் ஹெல்ப்பர்னு போட்டுத் தரேன்."

"அடுத்த தடவை லைன் நின்னா உங்க ஜூனியர் ஹெல்ப்பரைக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 4

விசா அலுவலகத்திலிருந்து கடிதம். மகள் படித்தாள், நிறுத்தினாள், திரும்பப் படித்தாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கிவிட்டாள்.

நான் விக்கல், இருமல், மூச்சுத்திணறல் ஆகியவற்றைச் சரிசெய்யும் உதவியாளர் என்று தெரிகிறதாம். ஆகவே செவிலியர் பதிவுச் சான்று அனுப்ப வேண்டுமாம். முப்பது நாளில் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் முடித்துவைக்கப்படும்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் விட்டுவிட்டு விழுந்தால் விக்கல். நூல் சிக்கி மெஷின் உதறினால் இருமல். எண்ணெய் ஏறாமல் சூடானால் மூச்சுத்திணறல். புத்தகப் பெயர் தெரியாத காலத்தில், அந்த இரைச்சலில் கத்திச் சொல்வதற்காக நான் வைத்த பெயர்கள். இப்போது ஆலையே அப்படித்தான் பேசுகிறது. உலகமே அப்படிப் பேசுவதாக நினைத்துப் பணி விவரத்தில் எழுதியிருக்கிறேன். மொழிபெயர்ப்பாளர் அட்சரம் பிசகாமல் மாற்றி, முத்திரையும் குத்தியிருக்கிறார்.

பிப்ரவரி 5

மொழிபெயர்ப்பாளரிடம் போனேன்.

"நீங்க எழுதினதைத்தானேம்மா நான் மாத்தினேன்?"

"மெஷினுக்கு எப்படிய்யா இருமல் வரும்? ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதா?"

"ஆஸ்பத்திரி மெஷினா இருக்கும்னு நெனச்சேன்."

நன்றாகத் திட்டினேன். என் மேலும் தப்பு உண்டு. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

புதிதாக மாற்றித் தருகிறாராம். ஆனால் இந்த வார்த்தைகளுக்கு இதுதான் பொருள் என்று, அதே தொழிலில் சான்றிதழ் உள்ள ஒருவர் எழுதித் தந்தால்தான் அங்கே ஏற்பார்களாம். எனக்குத் தெரிந்து அப்படி ஒரே ஆள். டிப்ளமா.

பிப்ரவரி 6

டிப்ளமாவைக் கேட்க மாட்டேன்.

பழைய ஆலையின் தலைமை மெக்கானிக். பன்னிரண்டு வருடம் முன்பு டிப்ளமா படித்துவிட்டு வந்ததால் அந்தப் பெயர்; வைத்ததும் நான்தான். மெஷினைத் திறந்து மூடுவது நான், பழுதுபார்ப்பு அட்டையில் கையெழுத்துப் போடுவது அவர். அவருக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர் போட்டார்கள்.

"கேட்டா என்னம்மா குறைஞ்சு போயிடும்?" என்கிறாள் மகள்.

குறையும்.

பிப்ரவரி 14

கேட்கவில்லை.

பிப்ரவரி 20

எனக்குத் தெரியாமல் மகள் கேட்டிருக்கிறாள். டிப்ளமா வீட்டுக்கே வந்துவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒரு தாளை நீட்டினார்.

"எழுதிட்டு வந்துட்டேன். பாருங்கக்கா."

விக்கல் என்றால் என்ன, இருமல் என்றால் என்ன, எல்லாம் ஒழுங்காக இருந்தது. டிப்ளமா எண்கூடப் போட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: 'மேற்கண்ட பணிகளை இவர் என் மேற்பார்வையில் செய்துவந்தார்.'

தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

"யாரோட மேற்பார்வை?"

"அது சும்மா ஒரு வழக்கம்க்கா. எல்லா லெட்டர்லயும் வர்றதுதான்."

"இதுல வராது."

"அதை எடுத்தா, அப்போ நீ என்ன பண்ணிட்டிருந்தேன்னு என்னைக் கேப்பாங்களே."

"என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போய்விட்டார். பாதியில் வைக்கவில்லை, அது வரைக்கும் மரியாதை தெரிந்த மனிதர்.

மகள் வெடித்தாள். "உனக்குப் பைத்தியமாம்மா? ஒரு வரி. ஒரே ஒரு வரி. கண்ணை மூடிட்டு அனுப்பியிருக்கலாம்ல?"

கண்ணை மூடிக்கொண்டுதான் இருபத்தாறு வருடம் இருந்தேன்.

பிப்ரவரி 27

இன்னும் ஒரு வாரம். கைக்கு வந்ததை நானே தள்ளிவிட்டேனா? அவ சொல்றதும் சரிதானோ — அங்க இருக்கிறவங்களுக்கு மேற்பார்வையும் தெரியாது, என்னையும் தெரியாது. அந்த வரியை யார் படிக்கப் போறா?

நான் படிப்பேன்ல.

போகாவிட்டால் போகவில்லை. அந்த வரியோடு போக மாட்டேன்.

மார்ச் 3

டிப்ளமா மறுபடி வந்தார். வாசலிலேயே நின்று ஒரு தடித்த உறையைக் கொடுத்தார். "படிச்சுட்டுத் திட்டணும்னா போன்ல திட்டுங்க."

உள்ளே பழைய பழுதுபார்ப்பு அட்டைகளின் நகல், ஒரு கட்டு. மேலே கடிதம். கடைசி வரி மாறியிருந்தது: 'இந்த அட்டைகளில் கையெழுத்து மட்டுமே என்னுடையது. வேலை இவருடையது.'

அவர் எதிரிலேயே இரண்டு தடவை படித்தேன். காபி சாப்பிடுங்கள் என்றேன்.

"இல்லக்கா, லைன்ல வேலை கெடக்கு. பதினேழாம் நம்பர் காலைலேர்ந்து விக்குது."

"ஊசியை மாத்திக்கிட்டே இருக்காதீங்க. கீழே கொக்கியைப் பாருங்க."

"பாக்குறேன்" என்று செருப்பைப் போட்டுக்கொண்டார்.

நன்றி சொல்லவில்லை என்பது அவர் போன பிறகுதான் உறைத்தது.

மார்ச் 4

அனுப்பியாயிற்று. மகள் இரண்டு தடவை சரிபார்த்தாள். நான் மூன்று தடவை.

மார்ச் 31

பரிசீலனையில்.

ஏப்ரல் 22

பரிசீலனையில். இன்னும் இருபத்தெட்டு நாள். விசா அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பொறுமையாக இருக்கச் சொன்னது ஒரு பெண் குரல். "பொறுமையா இருக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்லம்மா, என் பொறந்த நாளையும் பொறுமையா வரச் சொல்லுங்க" என்றேன். லைனை வைத்துவிட்டாள்.

மே 9

மாறிவிட்டது. 'முடிவு எடுக்கப்பட்டது.' என்ன முடிவு என்று போடவில்லை. பாஸ்போர்ட்டை நேரில் வந்து பெற்றுக்கொள்ள வேண்டுமாம், செவ்வாய்க்கிழமை.

மகள் கூட வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். இல்லை என்று சொன்னாலும் நான் ஒருத்தியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை 2

ஆறரை மணி ஷிப்ட். அறையிலிருந்து ஆலைக்கு நடந்தால் எட்டு நிமிடம், காற்று எதிர்த்தால் பத்து. இந்த நாட்டுக்கு வந்து பத்தொன்பது நாள் ஆகிறது.

இங்கே பழுது பார்க்கும் மேசை உயரம் அதிகம். தோள் வலிக்கிறது. சூப்பர்வைசரிடம் கையைக் காட்டிச் சொன்னேன். குறை இருந்தால் எழுத்தில்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு படிவத்தைக் கொடுத்தார். மகளிடம் போனில் சொன்னேன்.

"ஒரு மாசம்கூட ஆகலையேம்மா, அதுக்குள்ளயா?"

படிவத்தில் குறை எழுத மூன்று வரிதான் விட்டிருக்கிறார்கள். இன்னொரு தாள் கேட்டிருக்கிறேன்.