மீன் பறிக்குள் ஒரு பல்ப்

6.9.1979, வியாழன்

நிலாவெளி ஹோட்டலுக்கு நான் தைத்த திரைச்சீலைகளைக் கொண்டுபோய்க் கொடுத்தாயிற்று. வாப்பாவும் கூட வந்தார். பஸ்ஸில் மூட்டைக்கு இடமில்லை என்ற கொண்டக்டரோடு அவர் தொடங்கிய சண்டை நிலாவெளி வரைக்கும் நீண்டது. இறங்கும்போது பார்த்தால் இரண்டு பேரும் சொந்தக்காரராகியிருந்தார்கள்.

ஹோட்டல் முன்மண்டபத்தில் முகட்டில் ஒரு பல்ப் கூட இல்லை. மூலைக்கு மூலை, முழங்கால் உயரத்தில், கூடை கவிழ்த்த விளக்குகள். வெளிச்சம் நெய் மாதிரி மஞ்சளாகத் தரையில் கிடந்தது. வெள்ளைக்காரர்கள் மெத்தைக்குள் புதைந்து, எழும்புகிற எண்ணமே இல்லாமல் இருந்தார்கள். "பாவம், கரண்ட் குறைவு போல" என்றார் வாப்பா. மனேஜர் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு!

நான் எங்கள் முன்னறையை நினைத்தேன். நடு முகட்டில் வயரில் தொங்கும் நூறு வாட் பல்ப். அதற்குக் கீழே முகத்துக்கு முகம் நாலு கதிரை. வருகிறவர்களை இருத்தி விசாரித்து, விலங்கு போட்டு மறியலுக்கு அனுப்புகிற இடம் மாதிரி.

மிஞ்சிய துணித் துண்டுகள் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாமென்று சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

9.9, ஞாயிறு

உம்மாவிடம் சொல்லிவிட்டேன். முன்னறையை மாற்றப் போகிறேன்.

"ஆருக்கு?"

"எனக்கு."

"கலியாணம் முடியட்டும், பொறகு மாப்புள்ளையக் கேட்டுச் செய்."

நல்ல கதை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர வேண்டும். இந்த வீட்டை என் பேருக்கு எழுதிவிட்டு, உம்மாவும் வாப்பாவும் பின்னறைக்குப் போகத் தயாராக இருக்கிறார்கள். மாப்பிள்ளை யாரென்றுதான் தெரியாது. வீடு தெரியும். தெரிந்ததை முதலில் சரிப்படுத்துவோம்.

16.9, ஞாயிறு

பழைய மெத்தையைக் கிழித்து இலவம்பஞ்சை வெயிலில் போட்டேன். காற்று அடித்ததில் பாதி துறைமுகப் பக்கம் போய்விட்டது. மீதியில் ஆறு குஷன். ஹோட்டல் துண்டுகளில் மூன்று காவி, மூன்று மஞ்சள், வாசலுக்கு ஒரு காவித் திரைச்சீலையும். உம்மா காலையிலிருந்து தும்முகிறார், ஒவ்வொரு தும்மலுக்கும் ஒரு ஏச்சு.

விளக்குக்குக் கூடை வேண்டும். கடலுக்குப் போகிற பக்கத்து வீட்டாரிடம் பிரம்பில் பின்னிய ஒரு மீன் பறி இருந்தது. அகன்ற வயிறு, சின்ன வாய், அவ்வளவு அழகு. தேசிக்காய், சாம்பல், சவர்க்காரம் எல்லாம் போட்டுத் தேய்த்துக் காயவைத்திருக்கிறேன்.

20.9, வியாழன்

மஃரிப் தொழுகைக்குப் பிறகு பறிக்குள் சின்ன பல்ப்பைப் போட்டு மூலையில் தொங்கவிட்டு சுவிட்சைத் தட்டினேன். சுவர் முழுக்க வலை விரித்தது போல நிழல். காறை பெயர்ந்த இடம் தெரியவில்லை. கதிரைகளின் கோணல் தெரியவில்லை. காவித் திரைச்சீலை அரசாங்க அதிபர் வீட்டுத் திரைச்சீலை மாதிரி நின்றது. அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த அறையில் நான் இருப்பேன், ஒருத்தர் வந்து பக்கத்தில் இருப்பார், அவசரமில்லாமல் கதைப்போம். இவ்வளவுதான் எனக்கு வேண்டும். பெரிய ஆசையா இது?

வாப்பா "சும்மா பார்ப்பம்" என்று குஷனில் சாய்ந்தார். குறட்டை தெருவுக்குக் கேட்டது.

உம்மா வாசலில் நின்றபடியே: "மையித்து வீட்டிலயும் இதவிட வெளிச்சம் இரிக்கும்." சாவு வீட்டை விடவும் இருட்டாம்!

21.9, வெள்ளி

பல்ப் சூடேறினால் பறி மணக்கிறது. பாரைமீன். தெருவிலுள்ள பூனையெல்லாம் எங்கள் முன்னறையில்.

2.10, செவ்வாய்

மஹ்ரூப் மாமா வந்தார். கலியாணம் பேசுகிற வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை, அவரே சொன்னது. கிண்ணியா மாப்பிள்ளை. பேர் ஸுஹைர். துறைமுகப் பட்டறையில் வெல்டிங் வேலை. தாய் றுக்கியா மாமி, கொஞ்சம் வாய்காரி, ஆனால் மனம் நல்லது. (வாய்காரிகள் எல்லோருக்கும் மனம் நல்லதுதான். வேறு என்னத்தைச் சொல்வது?)

எனக்கு இருபத்தெட்டு. போன இரண்டு பேச்சும் முறிந்தது. ஒன்று நான் கறுப்பு என்று. மற்றது நான் எதிர்த்துக் கதைத்தேன் என்று. இரண்டும் உண்மை. உம்மா குசினியில் துஆ கேட்கிற சத்தம் கேட்கிறது. இந்த முறையும் தவறினால் உம்மா உடைந்துபோவார். நானும்தான். அதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

7.10, ஞாயிறு

வந்தார்கள், போனார்கள்.

மழைக் கோலத்தில் அக்கரையிலிருந்து வரும் லோஞ்ச் படகு பிந்தி, மாமியும் இரண்டு சாச்சிமாரும் வரும்போது இருட்டிவிட்டது. உம்மா பெரிய பல்ப்பைப் போடச் சொன்னார். நான் கேட்காத மாதிரி நின்றேன். என் அறை என் வெளிச்சத்தில்தான் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

மாமி குஷனில் இருந்தார். இருந்தார் என்றால் அமிழ்ந்தார். பாரமான மனுசி. பூனை ஒன்று வந்து அவர் மடியை மணந்து பார்த்தது. நான் தேத்தண்ணி நீட்டிய கையைப் பிடித்து, விளக்குப் பக்கம் திருப்பி, இன்னொரு முறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கோப்பையை வாங்கினார். போகும்போது சாச்சிமார் ஆளுக்கொரு கையில் பிடித்து இழுத்துத்தான் அவரை எழுப்பினார்கள்.

எல்லாம் நல்லாய் நடந்தது என்றுதான் நினைத்தேன். மடைச்சி.

9.10, செவ்வாய்

மஹ்ரூப் மாமா செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று சொன்னார். "பொண்ண ஏன் இருட்டுக்குள்ள வெச்சுக் காட்டின எண்டு கேக்காங்க. தோல்ல வெள்ள விழுந்திரிக்காம். கைய வடிவாப் பாக்க ஏலாமப் போச்சாம்."

பறி ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சப் புள்ளி, தோலில் வெள்ளை விழுந்ததாம்! எனக்கு! கறுப்பென்று ஒருத்தன் போனான், இப்ப வெள்ளையெண்டு போறாங்க. ஒரு முடிவுக்கு வாங்களேன்!

உம்மா பறியைப் பிடித்து இழுத்தார். நான் மற்றப் பக்கம் பிடித்தேன். வாப்பா நடுவில் வந்து பல்ப்பில் கையைச் சுட்டுக்கொண்டார்.

12.10, வெள்ளி

குழாயடியில் நின்ற ஒருத்தி என் கையையே பார்த்தாள். வேணுமென்று சட்டைக் கையை மேலே சுருட்டினேன். "வடிவாப் பாருங்க" என்றேன். பார்த்தாள். வெட்கமில்லாமல் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். ஏன் அழுறன்? எனக்கு ஒண்டுமில்ல, நல்லாத்தானே இரிக்கன். ஆனா இந்தப் பேர் ஒட்டிச்செண்டா இனி ஒருத்தரும் இந்த வாசலுக்கு வர மாட்டாங்க. ஆறு குஷனும் நானுந்தான்.

15.10, திங்கள்

தோற்றுவிட்டேன். வாப்பா டியூப் லைட் வாங்கி வந்து நடுச்சுவரில் பூட்டிவிட்டார். போட்டால் உடனே எரியாது, பத்துத் தரம் கண்ணடிக்கும். எரிந்த பிறகு எல்லோருடைய முகமும் நீலம். வாப்பாவைப் பார்க்கக் கடலில் விழுந்து எடுத்த ஆள் மாதிரி இருக்கிறது. உம்மா மட்டும் பெருநாள் வந்தது போல அண்ணாந்து பார்க்கிறார்.

குஷன்கள் அலுமாரிக்கு மேலே. பறி குசினிக்குப் பின்னால். பூனைகளும் அங்கே போய்விட்டன.

21.10, ஞாயிறு

மாமியை மஹ்ரூப் மாமா கெஞ்சிக் கூட்டி வந்தார். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இன்னும் நாளிருக்கிறது, அதற்குள்ளேயே குர்பான் கிடாயைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். கை, கழுத்து, காதுக்குப் பின்னால். பல்லை மட்டும்தான் திறந்து பார்க்கவில்லை. "பாருங்க, நல்லாப் பாருங்க" என்று உம்மா என்னைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

பிடித்துவிட்டதாம். "நல்ல வெளிச்சமான வீடு" என்று வேறு சொன்னார். அதோடு ஒரு புத்திமதியும்: "மெத்த மட்டும் போடாதீங்க. ஆம்புள சாஞ்சானெண்டா எழும்ப மாட்டான்."

எனக்கு மாப்பிள்ளை வருகிறாரா, டியூப் லைட்டுக்கு வருகிறாரா?

11.11, ஞாயிறு

இன்றைக்கு மாப்பிள்ளையே வந்தார். நின்று நிதானமாக எழுத வேண்டும்.

கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை. டியூப் லைட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி இருந்தார். நான் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கண்ணாடிக்குக் கீழே கன்னத்தில் தண்ணீர் வழிகிறது! துடைக்கிறார், வழிகிறது. மஹ்ரூப் மாமா அவரைப் பார்க்காமல் முகட்டைப் பார்க்கிறார்.

குசினியில் உம்மா என் கையைக் கிள்ளினார். "பொடியனுக்குக் கண் தெரியாது. அதுதான் கண்ணாடி. குருடனையா கொண்டு வந்து தள்ளுறாங்க?"

அல்லாஹ்வே, எனக்குச் சிரிப்பு. இப்போது நாங்கள் குறை தேடுகிற முறை.

வாப்பாதான் நேரே கேட்டார். "தம்பி, கண்ணில என்ன?"

"நேத்து முழுக்கக் கப்பலுக்குள்ள வெல்டிங் மாமா. கண்ணுக்குள்ள மண் கொட்டின மாதிரி இரிக்கு. நாளைக்குச் சரியாப் போகும். இந்த லைட்டுத்தான்..." கொஞ்சம் தயங்கினார். "உம்மா ஒரு மீன் பறி லைட்டப் பத்திச் சொன்ன. வீட்டுக்கு வந்து ஒரு கிழமையா ஏசின. அது எங்க?"

நான் குசினிக்குப் பின்னால் ஓடினேன். ஓடினேன் என்றுதான் எழுத வேண்டும். பூனையைத் தள்ளிவிட்டுப் பறியை எடுத்து வந்து மூலையில் கொளுவினேன். வாப்பா டியூப்பை அணைத்தார்.

மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்ணும் மிளகாய்ப் பழம். ஆனால் திறந்து பார்த்தார். முதலில் பறியை. பிறகு சுவரிலிருந்த நிழலை. பிறகு என்னை. அவ்வளவு நேரம் என்னை ஒருத்தரும் பார்த்ததில்லை. கையைத் திருப்பாமல், தோலைத் தேடாமல்.

உம்மா விடுகிற ஆளா? என் தையல் பெட்டியிலிருந்து ஆகச் சின்ன ஊசியையும் நூலையும் எடுத்து வந்தார். "தம்பி, எனக்குக் கண் மங்கல். ஒருக்கா கோத்துத் தாங்க." மங்கலாம்! மூன்று வீட்டுக்கு அப்பால் ஆர் என்ன கறி காய்ச்சுகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் மனுசி!

பதினைந்து வாட் வெளிச்சம். வீங்கின கண். ஒரே தரத்தில் கோத்தார். கோத்து முடிச்சும் போட்டு நீட்டி, "இன்னும் ஊசி இரிக்கா மாமி?" என்றார்.

வாப்பா சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறியது. உம்மா ஊசியோடு உள்ளே வந்து, "சரி, கண் தெரியுது" என்றார். சம்மதம் சொல்லும் அழகு!

12.11, திங்கள்

ஓம், சம்மதம் என்று சொல்லிவிட்டேன். அவருக்குப் பிடித்தது என்னையா, விளக்கையா? கேட்கவில்லை. கேட்டால் எதிர்த்துக் கதைக்கிறாள் என்பார்கள்.

27.1.1980, ஞாயிறு

கலியாணம். கால் வலி. வட்டிலப்பம் எனக்கு மிஞ்சவில்லை.

17.2, ஞாயிறு

மனிதர் நல்லவர். அது பிரச்சினையில்லை. விருந்தாளி மாதிரி இருக்கிறார், அதுதான் பிரச்சினை. லோஞ்சுக்குக் காத்திருக்கிற ஆள் போல, அலுமாரியிலிருந்து இறக்கிப் போட்ட குஷனின் விளிம்பில் இருக்கிறார். அலுமாரி திறக்க அனுமதி கேட்கிறார். காலையில், "உங்கட வீட்டில தண்ணிக் கோப்ப எங்க இரிக்கு?"

உங்கட வீட்டிலயாம். எனக்கு விசர் வந்தது. பஞ்சு அடைத்து, சீலை தைத்து, மணக்கிற பறியைத் தூக்கிக் கட்டி, இவ்வளவும் ஆருக்கு? என்ன செய்தால் ஒரு ஆள் ஒரு வீட்டுக்குள் வந்து சேருவார்? கதவு திறந்துதானே கிடக்கிறது. ஏசவும் மனம் வரவில்லை.

9.3, ஞாயிறு

இன்றைக்கு மாமி கிண்ணியாவிலிருந்து வந்தார். முன்னறைக்குள் கால் வைத்ததும், "இதென்ன, பழையபடி குகையாக்கிட்டீங்க?" என்று டியூப் லைட்டைத் தட்டினார். அது கண்ணடித்து எரிந்தது. என் மனிதர் வேலையிலிருந்து வந்து குஷன் விளிம்பில் இருந்தவர், முகத்தைக் கையால் மூடினார். உம்மாவும் வாப்பாவும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. மாமியோடு சண்டை பிடித்தாள் என்ற பேரும் எனக்கெதற்கு?

மாமி கையை நீட்டி நீட்டிச் சொன்னார். மெத்தை சோம்பலாம். இருட்டு மூதேவியாம். பறி வெட்கக்கேடாம். இந்த வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்களாம்.

மனிதர் எழும்பினார். ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நடந்து போய் டியூப்பை அணைத்தார். சத்தம் போடவில்லை.

"உம்மா, உங்கட வீட்டில எத்தின டியூப் லைட்டும் போடுங்க. எங்கட வீட்டில இதுதான் வெளிச்சம்."

திரும்பி வந்து குஷனில் முழுசாகச் சாய்ந்து, காலை நீட்டி, "ஸுல்பிகா, உம்மாவுக்குத் தேத்தண்ணி" என்றார்.

மாமி பக்கத்துக் குஷனில் இருந்தார். எனக்குக் கண்ணீர் கொட்டியது, துடைக்கவும் இல்லை. அந்த வெளிச்சத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. தேத்தண்ணியில் இரண்டு தரம் சீனி போட்டுவிட்டேன், மாமி நல்லாயிருக்கு என்று குடித்தார்.