நெடுமங்காட்டில் விடுபட்ட கோடு

9 ஜூன் 2003, திங்கள்
டெக்னோபார்க் சாஃப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஆவுடைத்தாய் என்றொரு பெண் எங்கள் மொத்த மருந்துக் கடைக்கு வந்தாள். சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊராம். மருந்து சரக்கு வந்ததும் நான் கம்ப்யூட்டரில் ஏற்றுவதையும், அதையே அச்சடித்து ஆற்றிங்கல், நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு கிளைகளுக்கு ஃபேக்ஸ் விடுவதையும் காலை முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். கிளைக்காரர்கள் அதைப் பார்த்து அங்கே மறுபடி கம்ப்யூட்டரில் அடிப்பார்கள். “ஒரே மருந்த நாலு பேரு அடிச்சா நாலு விதமாத்தான் இருக்கும் அண்ணாச்சி” என்றாள். பதினான்கு வருடமாக இந்த நாற்காலியில் இருக்கிறேன். ஒருவரும் இப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை.

20 ஜூன்
மூன்று கிளைகளிலும் மூன்று வகை பில்லிங் மென்பொருள். எல்லாவற்றையும் தூக்கிப் போடச் சொல்வாள் என்று நினைத்தேன். முன்பு வந்த கம்பெனிக்காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். இவள் சொல்லவில்லை. நடுவில் ஒரு மெஷின் வைப்பாளாம். நாம் ஒரு தடவை ஏற்றினால் போதும். அது ஒவ்வொரு கிளைக்கும் அந்தந்தக் கிளையின் பாணியில் மாற்றி அனுப்பிவிடும். முதலாளி குற்றாலலிங்கம் அண்ணாச்சி ரெண்டு தடவை திருப்பிக் கேட்டுவிட்டுச் சரி என்றார்.

18 ஜூலை
ஆற்றிங்கலில் போன் லைன் ரெண்டு மணி நேரம் இல்லை. தகவல் நடுமெஷினிலேயே காத்துக் கிடந்து, லைன் வந்ததும் தானாகப் போய்ச் சேர்ந்தது. நான் கையே வைக்கவில்லை!

5 ஆகஸ்ட், செவ்வாய்
குழந்தைகளின் காய்ச்சல் சிரப் ஒன்றில், ஒரு பேட்ச்சை விற்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள் என்று தயாரிப்பாளரிடமிருந்து கடிதம். ஒரு தடவைதான் ஏற்றினேன். ஐந்து நிமிடத்தில் மூன்று கிளைகளிலிருந்தும் ‘கிடைத்தது’ என்று பதில். முன்பென்றால் ஒரு நாள் ஆகும். நானே செய்த மெஷின் போல அத்தனை பெருமை எனக்கு.

6 ஆகஸ்ட்


பதினொரு மணிக்கு நெடுமங்காடு கிளையில் பில் போடும் சபீனா போன் செய்தாள். “அண்ணா, அந்த சிரப் காலைல பில் ஆயிப்போச்சு கேட்டோ. ரெண்டு கடைக்குப் போயாச்சு.” எப்படி? பதில்தான் வந்ததே!

ஆவுடைத்தாய் ஆட்டோ பிடித்து வந்தாள். பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டாள். பேட்ச் நம்பரில் எழுத்துக்கும் எண்ணுக்கும் நடுவே நாங்கள் ஒரு சின்னக் கோடு போடுவோம். நெடுமங்காட்டு மென்பொருள் அந்தக் கோட்டை ஏற்காது. அவர்கள் கோடில்லாமல்தான் வைத்திருக்கிறார்கள். தகவல் போய்ச் சேர்ந்தது, ஆனால் எந்தப் பாட்டிலோடும் பொருந்தவில்லை. இருந்தும் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லியிருக்கிறது.

கிளை மென்பொருளின் குற்றம் என்று எல்லாரும் பேச ஆரம்பித்தார்கள். அவள் முதலாளியிடம் நேராகச் சொன்னாள்: “தப்பு என்னோடது. போய்ச் சேந்துச்சான்னு மட்டும் கேட்டேன். எத்தன பாட்டில நிப்பாட்டுச்சுன்னு கேக்கல.”

நான் வாயைத் திறக்கவில்லை.

பாட்டில்களைத் திருப்பி எடுக்கப் போன வேனில் அவளும் வந்தாள். இருபத்துநாலு பாட்டிலில் இருபத்துமூன்று கிடைத்தது. ஒன்றைத் தெரிந்த வீட்டுக்காரர் வாங்கிப் போனதாகக் கடைக்காரர் சொன்னார். அந்த வீட்டுக்கு நாங்கள் போனபோது அம்மா ஏற்கெனவே பிள்ளைக்கு ஒரு ஸ்பூன் கொடுத்திருந்தாள். டாக்டரிடம் கூட்டிப்போனோம். பயமில்லை, நாளை வரை கவனியுங்கள் என்றார்.

7 ஆகஸ்ட்
பிள்ளை நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூடம் போயிருக்கிறதாம்.

8 ஆகஸ்ட்
எழுதிவிடுகிறேன். அந்தக் கோடு விஷயம் எனக்குத் தெரியும். நெடுமங்காட்டுக்கு ஃபேக்ஸ் விடும்போதெல்லாம் பேனாவால் அந்தக் கோட்டை அழித்துவிட்டுத்தான் அனுப்புவேன். கை தானாகச் செய்கிற வேலை, சொல்லத் தோன்றவில்லை. ஆனால் முந்தாநாள் தோன்றியது. தோன்றியும் ஏன் சும்மா நின்றேன்? அவள் ஒருத்தி தலையில் வாங்கிக்கொண்டு நிற்கும்போது?

9 ஆகஸ்ட்
முதலாளியிடமும் அவளிடமும் சொல்லிவிட்டேன். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அவள் கோபப்படவில்லை. “வேற என்னல்லாம் இப்படிக் கைல வச்சிருக்கீங்க அண்ணாச்சி?” என்று நோட்டை எடுத்தாள். யோசித்து யோசித்து, நானாகக் கையால் திருத்திவந்த பதினாறு விஷயங்களைச் சொன்னேன். எனக்கே ஆச்சரியம்.

25 ஆகஸ்ட்
இப்போது ஒவ்வொரு கிளையும் எத்தனை பாட்டிலை நிறுத்தியது என்று எண்ணிக்கையைச் சொல்கிறது. பூஜ்யம் என்று வந்தால் சிவப்பாகக் காட்டும். நாங்கள் போன் செய்து கேட்கவேண்டும். இவ்வளவு சுத்தமாக ஒருவர் தன் தப்பைத் திருத்தி நான் பார்த்ததில்லை.

3 பிப்ரவரி 2004
ஒரு ஆஸ்பத்திரி மருந்தகத்தையும் நடுமெஷினோடு சேர்க்கப்போகிறார்கள். முதல் நாள் நானும் வந்தே ஆகவேண்டும் என்று ஆவுடைத்தாய் முதலாளியிடம் கேட்டு வாங்கிவிட்டாள். இன்று போனோம். அங்கே பொறுப்பில் இருப்பவர் ஞானையன், ஐம்பது வயதிருக்கும். கையால் திருத்துவது ஏதும் உண்டா என்று அவள் கேட்டதற்கு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் நெடுமங்காட்டுக் கதையை, நான் வாய் திறக்காமல் நின்றது உட்பட, முழுதாகச் சொன்னேன்.

ஞானையன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“எங்கிட்டயும் அப்படி ஒண்ணு உண்டு சார்” என்றார்.