வீட்டில் ஆளிருந்தால் மட்டும் கேட்கும் கேள்வி

என் வெள்ளாங்குளத்துக்காரிக்கு,

காலையில் கணினியைத் திறந்தால் திரையில் உன் வரி: "வீட்டில ஆக்கள் இல்லை, கேள்வி கேக்கேல்லை." எங்கோ ஒரு நாட்டில் ஒரு சோதனை இயந்திரம் நம் தமிழ்த் தட்டச்சு மென்பொருளைத் மற்றவர்கள் நிறுவிக்கொள்ளும் பொதியாகத் தானாகவே கட்டிப் பார்த்து, நல்லபடி முடிந்ததென்று அனுப்பிய அறிக்கையில் அது இருந்தது. தேநீரும் கையுமாகத் தனியே சிரித்தேன்.

நீ இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து மீள்குடியேறி வந்த புதிதில், உப்புக்குளத்தில் என் வீட்டு முன்னறையில் அதை எழுதினோம். உலகம் முழுக்க இலவசமாகப் போகும் மென்பொருள் தொகுப்பில் அது சேர்ந்தால்தான், உன் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வரவிருந்த கணினிகளில் பிள்ளைகள் தமிழில் எழுதலாம். நீயோ, பொதி கட்டும் வேலை தொடங்குமுன் "வாங்கோ, சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருக்கும்படி எழுதிவைத்தாய். நாம் சாப்பிட்டுவிட்டதாக "ஓம்" என்று அடித்தோம், வேலை நடந்தது. தொகுப்பில் சேர்க்குமுன் பொதியைக் கட்டிப் பார்க்கும் சோதனை இயந்திரத்தில் யார் இருந்து பதில் சொல்வது? அது காத்துக் காத்து, நேரம் முடிந்து, பொதியைத் தள்ளிவிட்டது.

"அந்தக் கேள்வியை எடுத்துவிடடி, விசரி!" என்றேன்.

"மாட்டன். முகாமில வரிசையில நிண்ட காலத்தில எங்களை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை. வாற ஆளை நான் கேப்பன்."

கேள்வியை வைத்துக்கொண்டே வேறு வழி தேடினோம்.

அப்படிப்பட்ட இயந்திரங்கள் வழக்கமாகத் தாம் இயந்திரம் என்று ஓர் அடையாளம் வைத்திருக்கும். அதைக் கண்டால் கேள்வியை விட்டுவிடும்படி எழுதினோம். இந்தப் பாழாய்ப்போன இயந்திரத்தில் அதுவும் இல்லை. தொகுப்பை நடத்துபவர்கள் மறுபடி தள்ளினார்கள். பொதிகளை ஏற்கும் தவணையும் முடியப்போனது. நீதான் சொன்னாய், "வாசலில செருப்புக் கிடந்தால் உள்ளுக்கு ஆள் இருக்கு. அப்பிடி ஒண்டைப் பாப்பம்." விசைப்பலகையோடு ஓர் ஆள் இணைந்திருக்கிறாரா என்று பார்க்கவைத்தோம். இல்லாவிட்டால் உன் அந்த வரியைக் காட்டி, கேள்வியை விட்டுவிட்டு வேலையைத் தொடங்கச் சொன்னோம்.

ஏற்றுக்கொண்டார்கள்! நீ தெருவுக்கு ஓடி, அங்கே நின்ற கழுதையிடம் "சாப்பிட்டனியோ?" என்று கேட்டாய். சந்தியில் நின்ற ஆட்டோக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

நோய் உன்னைக் கொண்டுபோன பிறகுதான் கணினிகள் வந்தன. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்க நான் போனேன். பிள்ளைகள் தங்கள் பெயர்களைத் தமிழில் அடித்து ஆரவாரம் செய்ததை நீ பார்த்திருக்க வேண்டும். கணினி ஆசிரியைக்குப் பொதியைத் தானே கட்டிப் பார்க்க ஆசை. உன் கேள்வி வந்தது. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்த அவர் "இல்லை" என்று அடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இல்லை" என்றால் என்ன செய்வதென்று நாம் எழுதவே இல்லையடி! கணினியை அப்படியே விட்டுவிட்டு அவரைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப்போனேன். அன்று தொட்டு யார் வந்தாலும் கேட்கிறேன். "இல்லை" என்றால், வேலை பிறகுதான்.