உருவிக்கிட்டு வர்ற நூல்

மார்ச் 4, செவ்வாய்

நாலாவது பஞ்சுப் போர்வையும் போச்சு. இவரு கிழிச்சிட்டாரு.

அவரைச் சொல்லிக் குத்தமில்ல. நாப்பது வருஷம் குடோன்ல மூட்டை பிரிச்ச கை. சாக்கு வாயில சரியான நூலைப் பிடிச்சு ஒரே இழுப்பு, சர்ருனு மொத்தத் தையலும் வந்துரும். கல்யாணமான புதுசுல என் ரவிக்கைத் தையலைக்கூட... சரி, அது எதுக்கு இப்ப. எல்லா ஞாபகமும் போயிருச்சு, என் பேரு போயிருச்சு, அந்த இழுப்பு மட்டும் போகல. நாள் முழுக்க நூலைத் தேடுறாரு. கிடைக்கலைன்னா துணியைக் கிழிப்பாரு. துணி இல்லைன்னா தன் கையையே பிச்சுக்குவாரு. இடது கையில ரெண்டு புண்ணு.

மருந்து போட வர்ற நர்ஸம்மா சொல்லிட்டுப் போறா: "கையைக் கட்டிலோட கட்டிருங்கம்மா. வேற வழியில்ல."

கட்டணுமாமே! என்ன, ஆடா மாடா?

மார்ச் 6

நூல்கடைக்குப் போனேன். அறவே அறாத நூலா குடு, தையல் மெஷின்ல போர்வை தைக்கணும்னேன்.

"என்னக்கா, யானையைக் கட்டப் போறீங்களா?"

"கட்டக் கூடாதுன்னுதான்பா கேக்குறேன்."

அவனுக்குப் புரியல. நைலான் நூலும் தடி ஊசியும் குடுத்தான். அந்தக் கடையில ஒரு பூனை நூல்கண்டு மேலயே தூங்குது, குடுத்து வச்சது.

மார்ச் 9, ஞாயிறு

பொடிப்பொடியா, நெருக்கமா தைச்சுப் போர்த்தினேன். காலையிலேர்ந்து நோண்டினாரு. வரல. விடல. நைலான் விரலை அறுத்துருச்சு, போர்வையெல்லாம் ரத்தம். என்னைப் பாத்து அழுவுறாரு: "அண்ணே, இந்த மூட்டை வர மாட்டேங்குதுண்ணே. மேஸ்திரி திட்டுவாரு."

நான் என்ன பண்ணுவேன்? பக்கத்துல உக்காந்து நானும் அழுதேன்.

மார்ச் 10

கட்டிட்டேன். என் பழைய சேலையைக் கிழிச்சு.

மார்ச் 12

நர்ஸம்மா இருந்த நேரத்துல கடைக்கு ஓடினேன். நைலானைத் திருப்பிக் குடுத்தேன்.

"பருத்தி நூலே போடுங்கக்கா. ஆனா மேல் நூலைத் தளர்த்தி வச்சிராதீங்க. அடி நூல் நேரா படுத்துக்கும், ஒரு முனையை இழுத்தா மொத்தமும் உருவிக்கிட்டு வந்துரும்."

சரிப்பான்னு கிளம்பிட்டேன். தெருமுனை வரைக்கும் வந்து நின்னேன். திரும்பிப் போனேன்.

"தம்பி, அப்படி உருவிக்கிட்டு வரணும்னா அடியில எந்த நூலுப்பா நல்லது?"

இந்தம்மாவுக்கு என்னாச்சுங்கிற மாதிரி பாத்தான். ஆனாலும் தேடி எடுத்தான், வழுவழுன்னு ஒண்ணு. சிவப்பு கேட்டு வாங்கினேன். அவருக்குக் கண்ணு மங்கல்.

மார்ச் 15

ரெண்டு போர்வை தைச்சேன். பெரிய பெரிய தையல், மேல் நூல் தொளதொளன்னு. தையல் கத்துக்கிட்ட காலத்துல இப்படித் தைச்சிருந்தா கையிலயே அடி விழுந்திருக்கும். அடிப்பக்கத்தை மேல போட்டு, சிவப்பு முனையை நீட்டி விட்டுட்டு, கட்டை அவிழ்த்தேன்.

விரல் தடவிக்கிட்டே போச்சு. நின்னுச்சு. இழுத்தாரு.

சர்ருனு.

எத்தனை மாசம் ஆச்சு அந்தச் சிரிப்பைப் பாத்து! நூலை உதறிட்டு என்னைப் பாத்தாரு. "அண்ணே, அடுத்த மூட்டை?"

"வருதுப்பா"ன்னேன்.

ஒண்ணை அவரு பிரிக்கிறதுக்குள்ள இன்னொண்ணை நான் தைக்கணும். இன்னிக்கு ஆறு மூட்டை. புண்ணு ஒண்ணு காஞ்சிருக்கு. எனக்கு இடுப்பு விட்டுப் போச்சு.

அந்தச் சேலைத் துண்டைத் துவைச்சு மடிச்சு பீரோவுக்கு அடியில வச்சிருக்கேன். தூக்கிப் போட தைரியம் வரல.